நூறு டீ பேக் போட்ட ஜக்: ஃபுளோரைடும் ஆன்டிஆக்ஸிடன்டும் ஒன்றாக உள்ளே போனபோது

உடம்பில் ஃபுளோரைடு என்ற தாது அதிகமாகச் சேர்வதால் வரும் பாதிப்புக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்டால் உடனே வரும் பதில், ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது செல்களை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கும் பொருள், நிறைந்த உணவு. வைட்டமின் சி, வைட்டமின் ஈ, மஞ்சளில் உள்ள குர்குமின், வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டின், டீயில் உள்ள கேட்டச்சின் என்று ஒரு பட்டியலும் கூடவே வரும். பட்டியலில் பொய் இல்லை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் எலியை வைத்துச் செய்த ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் எலியிடம் நடந்தது மனிதரிடம் எவ்வளவு தூரம் நடக்கும்? அதை யோசித்துப் பார்க்க ரொம்பத் தோதான ஒரு நிகழ்வு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பதிவாகியிருக்கிறது. நோய்க்குக் காரணமான பொருளும், அதற்கு மருந்து என்று சொல்லப்படும் பொருளும் ஒரே பானத்தில், தினமும், 17 வருடம் ஒரே உடம்புக்குள் போன கதை அது.

நோயாளி

47 வயதுப் பெண். ஐந்து வருடமாக இடுப்பு, முதுகின் கீழ்ப்பகுதி, கை, கால் எல்லாம் வலி. பற்கள் நொறுங்கும் நிலைக்குப் போனதால் எல்லாவற்றையும் ஏற்கெனவே பிடுங்கியாயிற்று. எக்ஸ்ரேயில் எலும்புகள் வழக்கத்தைவிட அடர்த்தியாக, வெள்ளையாகத் தெரிந்தன. இப்படி அடர்ந்த எலும்பைப் பார்த்தால் மருத்துவர்களுக்கு முதலில் தோன்றுவது எங்கிருந்தோ எலும்புக்குப் பரவிய புற்றுநோய்தான், இவரையும் அந்தச் சந்தேகத்தோடுதான் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் சுதாகர் ராவ் என்ற எலும்பு வளர்சிதை நிபுணரிடம் அனுப்பினார்கள். அவர் படத்தைப் பார்த்ததுமே இது எலும்பு ஃபுளோரோசிஸ், அதாவது ஃபுளோரைடு அளவுக்கு மீறிச் சேர்ந்து எலும்பைக் கெடுக்கும் நோய், என்று சந்தேகித்தார். காரணம் எளியது: இந்தியாவில் பிறந்தவர், இந்த நோயை அங்கேயே பார்த்தவர். 1937-லேயே ஷார்ட் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் சென்னை மாகாணத்தில் இந்த நோய் பரவியிருப்பதை எழுதிவைத்துவிட்டார்கள், ஆனால் குடிநீரில் ஃபுளோரைடு அளவை ஓயாமல் கண்காணிக்கும் ஒரு நாட்டில் படித்த மருத்துவர் இதை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்க்காமல் ஓய்வு பெற்றுவிடலாம்.

படத்தில் இரண்டு விஷயங்கள் இருந்தன. முதுகெலும்பின் ஒவ்வொரு கட்டையிலும் மேலும் கீழும் வெள்ளைப் பட்டை, நடுவில் கொஞ்சம் மங்கல், அதாவது கோடு போட்ட ரக்பி பனியன் மாதிரி. இது மட்டும் என்றால் நாள்பட்ட சிறுநீரக நோயிலும் வரும். இரண்டாவதுதான் ஆளைக் காட்டிக்கொடுத்தது: முன்கையில் இரண்டு நீள எலும்புகளுக்கு நடுவே இருக்கும் சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தது. எலும்பே இல்லாத இடத்தில் எலும்பு வளர்வது ஃபுளோரோசிஸின் கையெழுத்து. இரத்தத்தில் ஃபுளோரைடு லிட்டருக்கு 0.43 மி.கி. இருந்தது, 0.10-க்குக் கீழே இருக்க வேண்டியது.

ஃபுளோரைடு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தபோது கிடைத்த பதில்தான் இந்த நிகழ்வை 2013 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வரை கொண்டுபோனது. 100 முதல் 150 டீ பேக் வரை போட்டு ஒரு ஜக் டீ, தினமும், 17 வருடமாக.

ஒன்று கவனியுங்கள். 47-இல் 17-ஐக் கழித்தால் 30. பல்லின் எனாமல் உருவாகும் வயதெல்லாம் எப்போதோ முடிந்த பிறகுதான் இவர் இந்தப் பழக்கத்தைத் தொடங்கியிருக்கிறார். பல்லில் கறையும் குழியும் விழுவது குழந்தைப் பருவத்தில் ஃபுளோரைடு அதிகமாக உள்ளே போனவர்களுக்குத்தான். 'பல் சுத்தமாக இருக்கிறது, அதனால் ஃபுளோரோசிஸ் இல்லை' என்று வயதுவந்த ஒருவரைத் திருப்பி அனுப்பினால், இவரைப் போல வளர்ந்த பிறகு ஃபுளோரைடு ஏறிய நோயாளி கைநழுவிப் போய்விடுவார்.

ஜக்குக்குள் இருந்த கணக்கு

டீச்செடி அமில மண்ணில் வளரும்போது மண்ணிலிருந்து ஃபுளோரைடையும் அலுமினியத்தையும் உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் குணம் உள்ள செடி. இலை முற்ற முற்ற அளவு கூடும், கொழுந்தில் குறைவாக இருக்கும். வெந்நீரில் போட்டால் சில நிமிடங்களிலேயே அதில் பெரும்பகுதி தண்ணீருக்கு வந்துவிடும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஃபுளோரைடு தரவுத்தளத்தில் சாதாரணமாகப் போட்ட டீயின் சராசரி லிட்டருக்கு 3.7 மி.கி. என்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு 1.5, அமெரிக்கச் சட்டப்படி குடிநீரில் உச்ச வரம்பு 4. அதாவது வழக்கமான டீயே அந்த உச்ச வரம்பை ஒட்டித்தான் நிற்கிறது. ஆனாலும் நாளுக்கு மூன்று நான்கு கப் குடிப்பவருக்கு ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் மொத்த அளவு கொஞ்சம்தான்.

இவருடைய விஷயம் வேறு. ஒரு பேக்கிலிருந்து வெறும் 0.2 மி.கி. இறங்கியது என்று வைத்தால்கூட நூறு பேக்குக்கு 20 மி.கி. ஆய்வுக் குறிப்பும் நாளுக்கு 20 மி.கி.க்கு மேல் என்றுதான் மதிப்பிட்டது. வயதுவந்தவர்களுக்கு அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 1997-இல் வகுத்த மேல்வரம்பு நாளுக்கு 10 மி.கி. இவர் தனி ஆளும் அல்ல: செயின்ட் லூயிஸில் மைக்கேல் வைட் என்ற நிபுணர் 2005-இல் பதிவுசெய்த 52 வயதுப் பெண்ணும் இப்படித்தான், இன்ஸ்டன்ட் டீத்தூளை இரட்டிப்பாகக் கலந்து கேலன் கணக்கில் குடித்தவர்.

சரி, இப்போது ஜக்கின் மறுபக்கம். டீயில் இருக்கும் பாலிஃபீனால்கள் பேர்போன ஆன்டிஆக்ஸிடன்டுகள். ஒரு பேக்கிலிருந்து 100 மி.கி. இறங்கும் என்பது நிதானமான கணக்கு. இவ்வளவு நெருக்கி அடைத்தால் முழுதாக இறங்காது என்று பாதியைக் கழித்துவிடுவோம், அப்போதும் நாளுக்கு 5 கிராம் வருகிறது. உடல் எடை 60 கிலோ என்று வைத்துக்கொண்டால் கிலோவுக்கு 80 மி.கி.க்கு மேல். ஃபுளோரைடு கொடுத்த எலிகளுக்கு டீயின் கேட்டச்சின்களைக் கொடுத்துக் காப்பாற்றியதாகச் சொல்லும் ஆய்வுகளில் அளவு பொதுவாகக் கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம்தான். எலியின் அளவை மனிதருக்கு மாற்றும்போது ஏறக்குறைய ஆறால் வகுப்பார்கள், அப்படிப் பார்த்தால் இவருக்குப் போனது எலிகளுக்குக் கொடுத்ததைப் பலமடங்கு மிஞ்சிய அளவு. இது என் தோராயக் கணக்கு, டீயின் பாலிஃபீனால் எல்லாமே கேட்டச்சின் கிடையாது என்பதும் உண்மை. ஆனாலும் எந்த மாத்திரையும் தராத அளவுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் தினமும் உள்ளே போயிருக்கிறது, அதே 17 வருடத்தில் எலும்பு கல்லாகியிருக்கிறது.

ஏன் காப்பாற்றவில்லை

ஃபுளோரைடு உடம்பில் இரண்டு வேறு வேறு வேலைகளைச் செய்கிறது, பலரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் வேலை கனிம வேதியியல். வயிற்று அமிலத்தில் ஃபுளோரைடு ஒரு ஹைட்ரஜனைச் சேர்த்துக்கொண்டு மின்னேற்றம் இல்லாத மூலக்கூறாக மாறி, குடல் சுவரைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறது. இரத்தத்துக்கு வந்ததில் வயதுவந்தவர்களிடம் பாதி போலச் சிறுநீரில் போகும், மீதி எலும்புக்குப் போகும். உடம்பில் தங்கும் ஃபுளோரைடில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. அங்கே எலும்புப் படிகத்தில் ஹைட்ராக்சில் இருக்கும் இடத்தில் ஃபுளோரைடு போய் உட்கார்ந்துகொள்கிறது, கூடவே எலும்பைக் கட்டும் செல்களைத் தூண்டியும் விடுகிறது. இதனால் எலும்பு அடர்த்தியாகும், ஆனால் வலுவாகாது. இது ஊகமில்லை: எலும்புத் தேய்மானத்துக்கு மருந்தாகவே சோடியம் ஃபுளோரைடைக் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய சோதனையின் முடிவு 1990-இல் வந்தது, நாளுக்கு 75 மி.கி. வீதம் நான்கு வருடம், முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் கூடியது, ஆனால் முதுகெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை, மற்ற எலும்புகளில் முறிவு அதிகமானது.

படிகத்தில் ஓர் அயனி இன்னோர் அயனியின் இடத்தைப் பிடிப்பதில் ஆக்சிஜனேற்றம் எங்கேயும் கிடையாது. ஃப்ரீ ராடிக்கல், அதாவது பக்கத்தில் இருப்பதை ஆக்சிஜனேற்றம் செய்து சேதப்படுத்தும் மூலக்கூறு, எதுவும் அங்கே வேலை பார்க்கவில்லை. எனவே ஃப்ரீ ராடிக்கலைப் பிடித்து அடக்கும் ஒரு பொருளுக்கு அந்த இடத்தில் வேலையும் இல்லை.

இரண்டாவது வேலை மென் திசுக்களில். ஃபுளோரைடு பல நொதிகளை முடக்கும். சர்க்கரைப் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும் சாம்பல் நிற மூடிக் குழாயை நினைத்துப் பாருங்கள், அதற்குள் இருப்பது சோடியம் ஃபுளோரைடுதான். எடுத்த இரத்தத்தில் உள்ள செல்கள் சர்க்கரையைத் தின்று தீர்க்காமல் இருக்க, சர்க்கரையை உடைக்கும் பாதையில் உள்ள ஈனோலேஸ் நொதியை அது நிறுத்திவைக்கிறது. குழாயில் இருக்கும் அளவு மிக அதிகம், உயிருள்ள உடம்பில் அவ்வளவு வராது, ஆனால் திசை அதுதான். செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா தடுமாறும், ஃப்ரீ ராடிக்கல்கள் கசியும், செல்லின் சொந்தக் காவலாளியான குளுட்டதயோன் கரையும், கொழுப்புப் படலங்கள் ஆக்சிஜனேற்றம் அடையும். கல்லீரல், சிறுநீரகம், மூளை, விதைப்பை ஆகிய இடங்களில் எலிகளிடம் அளந்து காட்டப்பட்ட சேதம் பெரும்பாலும் இந்த வகை. ஆன்டிஆக்ஸிடன்டுக்கு இங்கேதான் வேலை.

டெட்ராய்ட் பெண்ணின் வலியும் முன்கைச் சவ்வில் படிந்த சுண்ணாம்பும் முதல் வகையைச் சேர்ந்தவை. அவருடைய கல்லீரலிலோ சிறுநீரகத்திலோ இரண்டாம் வகைச் சேதத்தை டீ குறைத்திருக்குமா என்று கேட்டால், குறைத்திருக்கலாம். அதை யாரும் அளக்கவில்லை. ஒரே ஆள், ஒப்பிட இன்னோர் ஆள் இல்லை, அந்தப் பாலிஃபீனால் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் மோசமாகியிருப்பாரோ என்ற கேள்விக்கும் இந்த நிகழ்விலிருந்து பதில் எடுக்க முடியாது. அதற்கு மேல் இன்னொன்று: டீயின் பாலிஃபீனால்களில் குடலைத் தாண்டுவது ரொம்பக் கொஞ்சம். ஈஜிசிஜி என்ற முதன்மைக் கேட்டச்சின் ஒரு கப் டீக்குப் பின் இரத்தத்தில் லிட்டருக்கு ஒரு மைக்ரோமோலைக்கூடத் தொடுவதில்லை, வந்ததும் சில மணி நேரத்தில் போய்விடும். இவர் இரத்தத்தில் ஃபுளோரைடு 23 மைக்ரோமோல் அளவுக்கு இருந்தது, அதற்குப் பின்னால் எலும்பு என்ற பெரிய கிடங்கும் இருந்தது. போட்டியே சமமில்லை.

எலி ஆய்வுகளைப் படிக்கும்போது

எலி ஆய்வுகளைக் கிண்டல் செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. அகமதாபாதில் குஜராத் பல்கலைக்கழகத்தில் சினாய் என்பவரின் குழு வைட்டமின் சி, டி, ஈ, கால்சியம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பல வருடம் சோதித்தது. அதே இடத்திலிருந்து கறுப்பு டீச்சாறு எலிகளில் ஃபுளோரைடுச் சேதத்தைக் குறைக்கிறது என்றும் ஆய்வு வந்திருக்கிறது, டெட்ராய்ட் கதையைப் படித்த கையோடு அதைப் படித்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஈஜிசிஜி பற்றிய ஆய்வுகளும் இருக்கின்றன. முடிவுகள் ஒரே திசையில்தான் போகின்றன: ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்த எலிகளின் திசுக்களில் சேதத்தின் அடையாளங்கள் குறைவு.

ஆனால் படிக்கும்போது மூன்றைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான சோதனைகளில் ஃபுளோரைடும் ஆன்டிஆக்ஸிடன்டும் ஒரே நாளில் சேர்ந்தே தொடங்குகின்றன, அது தடுப்பு, சிகிச்சை அல்ல. பத்து வருடம் குடித்துவிட்டு வரும் மனிதருக்கு அது எதையும் சொல்லாது. ஃபுளோரைடின் அளவும் எக்கச்சக்கம், குடிநீரில் லிட்டருக்கு 100 மி.கி. என்பது சர்வ சாதாரணம். எலி மனிதரைவிட வேகமாக ஃபுளோரைடைச் சமாளிக்கும் என்பதால் கொஞ்சம் அதிகம் கொடுப்பது நியாயமே, ஆனாலும் சில வாரத்தில் முடிந்துவிடும் சோதனை எலும்பில் வருடக்கணக்கில் நடப்பதைப் பிடிக்காது. மூன்றாவது, அளந்தது எதை? அனேகமாக எல்லாவற்றிலும் கல்லீரலிலும் இரத்தத்திலும் உள்ள நொதிகள்தான். எலும்பில் ஃபுளோரைடு குறைந்ததா என்று பார்த்தவை குறைவு. ஆய்வின் தலைப்பில் 'ஃபுளோரைடு நச்சிலிருந்து பாதுகாப்பு' என்று இருக்கும், உள்ளே இருப்பது 'கல்லீரல் நொதி சற்று சரியானது' என்பதாக இருக்கும்.

மனிதரிடம் நடந்தவை

இங்கே விஷயம் இன்னும் சுவாரசியம். 1996-இல் ஜெய்ப்பூர் பக்கம், குடிநீரில் லிட்டருக்கு 4.5 மி.கி. ஃபுளோரைடு இருந்த பகுதியில், 25 குழந்தைகளுக்குக் கால்சியம், வைட்டமின் டி, வைட்டமின் சி மூன்றும் சேர்த்துக் கொடுத்து, பல், எலும்பு, நோய் அறிகுறிகள் தேறியதாக ஒரு குழு எழுதியது. நல்ல செய்திதான், ஆனால் மூன்றும் ஒன்றாகப் போனதால் பெருமை எதற்கு என்று பிரிக்க வழியில்லை. என்னைக் கேட்டால் முதல் சந்தேகம் கால்சியத்தின் மேல்தான். அது குடலிலேயே ஃபுளோரைடைப் பிடித்துக் கரையாத கால்சியம் ஃபுளோரைடாக்கி மலத்தோடு வெளியேற்றிவிடும். வெறும் வயிற்றில் கிட்டத்தட்ட முழுதாக உறிஞ்சப்படும் ஃபுளோரைடு, பாலோடோ உணவோடோ போனால் 60, 70 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. எந்த ஆன்டிஆக்ஸிடன்டும் உள்ளே வரும் அளவை இப்படிக் குறைப்பதில்லை.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் காந்தாரே குழு 2002-இல் பதிப்பித்த புளி ஆய்வும் இதே மாதிரிதான். பள்ளிச் சிறுவர்களுக்குத் தினம் 10 கிராம் புளி கொடுத்தபோது சிறுநீரில் ஃபுளோரைடு வெளியேறுவது கூடியது. புளியில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது என்பதற்காக அந்தப் பட்டியலில் இதைச் சேர்த்துவிடுகிறார்கள், ஆனால் அங்கே அளந்தது வெளியேற்றத்தை.

டெல்லியில் சுசீலா என்ற ஆய்வாளர் பல வருடமாகச் செய்துவந்தது எனக்குச் சரியான வரிசையாகப் படுகிறது. சிறுநீரில் ஃபுளோரைடு அதிகமாக இருந்த, இரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு முதலில் ஃபுளோரைடு வரும் வழியை அடைத்தார்கள். அதன் பிறகே கால்சியமும் இரும்பும் வைட்டமின் சி, ஈ போன்ற ஆன்டிஆக்ஸிடன்டுகளும் நிறைந்த சாப்பாடு. ஹீமோகுளோபின் ஏறியது, குழந்தைகளின் பிறப்பெடையும் தேறியது. இதில் உணவின் பங்கு எவ்வளவு, அடைத்த வழியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது, ஆனால் வரிசையை மாற்றிப் போட்டால் இந்தப் பலன் வந்திருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

திபெத்திலும் உள் மங்கோலியாவிலும் முற்றிய இலையை அழுத்திச் செய்யும் கட்டி டீயைக் குடித்து ஊர் ஊராக ஃபுளோரோசிஸ் வந்ததே, அது டெட்ராய்ட் ஜக்கின் பெரிய வடிவம். அங்கே சீன அரசு செய்தது என்ன? 2005-இல் கட்டி டீயில் கிலோவுக்கு 300 மி.கி.க்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்று தேசியத் தரநிலை போட்டது. வைட்டமின் மாத்திரையை நம்பி விட்டுவிடவில்லை, இலையிலேயே கைவைத்தார்கள்.

சிகிச்சை

டெட்ராய்ட் பெண்ணுக்குக் கொடுத்த சிகிச்சை ஒரே வரி: டீயை நிறுத்துவது. வலி குறையத் தொடங்கியது. எலும்பு தன்னைத்தானே இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கும் திசு என்பதால் படிந்த ஃபுளோரைடு வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து சிறுநீரில் போகும், அதற்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். சவ்விலும் தசைநாரிலும் ஏறிய சுண்ணாம்பு அவ்வளவு சுலபத்தில் இறங்காது.

அப்புறம், இப்படி ஒருவர் உங்கள் முன்னால் வந்து 'ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை வாங்கலாமா' என்று கேட்டால்? தண்ணீரையும் அவர் குடிக்கும் மற்ற எல்லாவற்றையும் முதலில் கேளுங்கள், எவ்வளவு என்று லிட்டர் கணக்கில் கேளுங்கள், 'டீ குடிப்பேன்' என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். சிறுநீரில் ஃபுளோரைடையும் சிறுநீரகத்தின் நிலையையும் பார்த்துவிட்டு, கால்சியம் போதுமான சாப்பாட்டை உறுதிசெய்யுங்கள். பழமும் காயும் தாராளமாகச் சாப்பிடட்டும், அதில் நஷ்டம் ஒன்றுமில்லை, மென் திசுக்களுக்கு நல்லதாகவே இருக்கலாம். மாத்திரை விஷயத்தில் மட்டும் நான் கை வைக்க மாட்டேன். ஃபின்லாந்தில் 29,133 புகைபிடிப்பவர்களிடம் நடந்த சோதனையில் பீட்டா கரோட்டின் மாத்திரை நுரையீரல் புற்றுநோயை 18 சதவீதம் கூட்டியது 1994-இல் தெரிந்தது, நல்ல பொருளாயிற்றே என்று கொடுத்ததுதான் அதுவும். வைட்டமின் சி-யை கிராம் கணக்கில் விழுங்கினால் அதில் ஒரு பகுதி, சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகத்தின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஃபுளோரைடை வெளியேற்றத் திணறும் அதே சிறுநீரகம் கெட்டிருக்கிற ஒருவருக்கு அதைப் பரிந்துரைக்கும் முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் என்ன என்று கேட்டுவிடுங்கள்.